பாட்டுப் பாடிக்கிட்டே வந்த சைக்கிள்

— இன்னொரு தடவை போடும்மா.

— எத்தனை தடவைதான் கேப்பீங்க மாமா? நூலகம் சாத்துற நேரம்.

— சொல்றேன் கேளு. பட்டறையில லேத் ஓட்டி ஓட்டி எனக்கு இடது காது போச்சு. வலது காதை ஸ்பீக்கர்கிட்ட வெச்சுக் கேட்டாத்தான் உண்டு.

— கேளுங்க, வேணாம்னு சொல்லல. நாங்க நாலஞ்சு பேரு வேலை முடிஞ்சு வீடு வீடாப் போயி இத்தனை பேரோட சைக்கிள் கதைய பதிவு பண்ணினோம் பாருங்க, அதுல எல்லாரும் தேடிக் கேக்கறது உங்களோடதுதான்.

— என் கதை எனக்குத் தெரியாதா? அதைக் கேக்கவா பொழப்பை விட்டுட்டு வந்திருக்கேன்?

— பின்ன?

— நடுவுல என் மக ஏதோ சொன்னா. ஆஸ்பத்திரியில பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு, குழந்தைய கேரியர்ல உக்கார வெச்சு, துண்டால என் முதுகோட கட்டிக்கிட்டு மிதிச்சேன்னு உன்கிட்ட சொல்லிட்டிருந்தேன்ல, அப்ப. சமையக்கட்டு வாசல்ல நின்னு சொன்னா. என்னடின்னு கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, நீ சொல்லு"ன்னுட்டா.

— ம்.

— இப்ப அவளும் இல்ல. காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கவே இல்ல. ஊர்ல எல்லாரையும் போன்ல படம் பிடிப்பா, தான் பேசினது ஒண்ணுகூட விட்டுட்டுப் போகல. அந்த வீட்டுக்குள்ள இருக்க முடியலம்மா. அந்த ஒரு பேச்சாவது உன்கிட்ட இருக்கும்னு வந்தேன்.

— பாருங்க மாமா... பதிவை சுத்தம் பண்ணித்தான் வெப்போம். இருமல், பாத்திரம் உருள்றது, குறுக்க யாராவது பேசறது, எல்லாத்தையும் வெட்டிடுவோம்.

— வெட்டாதது எங்க?

— அழிச்சாச்சு. யாரோ தூக்கிக் குடுத்த பழைய கம்ப்யூட்டர், இடம் பத்தாது. வெட்டினதும் பழசை அழிச்சிடறதுதான் எங்க வழக்கம்.

— ஓகோ.

— மன்னிச்சிடுங்க மாமா.

— விடு. உனக்கென்ன தெரியும்... வரேன். அந்தக் கைத்தடிய எடு. ஆங், இரு. அந்த இடத்தை மட்டும் கடைசியா ஒரு தடவை போடு.

— போட்டிருக்கேன்.

— நிறுத்து. இது என்ன சத்தம்?

— பக்கத்து வீட்டு நாய்.

— நாய் குரைக்கிறது இருக்கு. அதுக்கு முன்னாடி குக்கர் விசில் அடிச்சுது. நான் மூக்கு சிந்தறதைக்கூட விட்டு வெச்சிருக்க. என் மக பேசினது மட்டும் உனக்குக் குப்பையாப் போச்சா?

— ஐயோ, அப்படி இல்ல மாமா.

— வேற எப்படி? வாயத் தொறந்து சொல்லு. ஏன் அழற?

— வாக்கு குடுத்திருக்கேன்.

— யாருக்கு?

— அவளுக்குத்தான்.

— வாங்கினவளே போயிட்டா, நீ யாருக்காகக் காப்பாத்தற? குரல்தான் இல்லைன்னு ஆயிடுச்சு. என்ன சொன்னாங்கறதையாவது குடு தாயி. உன் கால்ல விழணுமா?

— பெரிய வார்த்தை பேசாதீங்க... "குழந்தை ஒண்ணும் அறியாம முதுகுல சாஞ்சு தூங்கிட்டா, நான் பாட்டுப் பாடிக்கிட்டே வீடு வந்து சேந்தேன்"னு நீங்க சொன்னீங்கல்ல?

— சொன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன்.

— அதுக்குத்தான் அவ மெதுவா, "நான் தூங்கவே இல்லக்கா"ன்னா. "பாட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பா வழி முழுக்க அழுதுகிட்டேதான் வந்தாரு"ன்னா.

— தூங்கலையா அவ...

— மாமா? உக்காருங்க. தண்ணி குடிங்க.

— வாக்கு... என்ன வாக்கு?

— நான் கெளம்பினதும் தெருமுனை வரைக்கும் பின்னாடியே ஓடி வந்தா. "அக்கா, நான் சொன்னதை எடுத்துடுங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு தாங்கமாட்டாரு. இத்தனை வருஷமா நான் தூங்கிட்டேதான் இருக்கேன், இனியும் தூங்கிட்டே இருந்துட்டுப் போறேன்"னு சொன்னா மாமா.