சித்தப்பா சொல்லித் தந்த வார்த்தைகள்

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மாதிரி எழுதுவதற்கு வாட்டமான அட்டை கடையில் கிடைக்காது சார். நல்ல கனம், வழவழப்பு, மூலையில் கொஞ்சம் மஞ்சள் வாசம். அதையெல்லாம் கத்தரித்துத்தான் தேவிப்பிரியாவுக்குப் படிக்கச் சொல்லித் தந்தேன். என் அண்ணன் மகள். அப்போது நாலு வயசு, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளை.

குழந்தைக்கு யார் சொல்லித் தந்தது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

ஆனா, ஆவன்னாவில் தொடங்குவது பழைய முறை. நான் முழு வார்த்தையாகவே தொடங்கினேன். ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தை. பார்த்ததும் சொல்ல வேண்டும். தெரியாத வார்த்தை வந்தால் நிற்கக் கூடாது, தாண்டிப் போய்விட வேண்டும். தடுக்கித் தடுக்கி நின்றால் பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துவிடும். கல்லூரியில் எனக்கு அரியர் உண்டு. அறிவில்லை என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

அண்ணன் நவநீதனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அதியமான்கோட்டை வீட்டில் அம்மா, அண்ணி மணிமேகலை, குழந்தை, நான். அண்ணி வாராவாரம் காரிமங்கலம் சந்தைக்குப் போவார். கூப்பிடு தூரத்தில் தருமபுரி இருக்க, பஸ் ஏறிக் காரிமங்கலம் போய் ஒரு கட்டுக் கீரையோடு ஒருத்தர் சாயங்காலம் திரும்பினால், வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

"ஏன் அண்ணி, கீரை அங்க மட்டுந்தான் மொளைக்குதா?" என்று கேட்டேன்.

"கேள்வி கேக்காத கீரை அங்கதான் தம்பி கெடைக்குது" என்றார். தமாஷாகப் பேசுவார்.

ஒரு நாள், "போன் ஹேங் ஆவுது, என்னன்னு பாரு தம்பி" என்று அவரே போனை என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். குரு என்று ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். அதையும் படித்தேன். போனைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே புதிதாகக் கொஞ்சம் அட்டைகள் வெட்டினேன்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். பிள்ளை புதிதாக எதைக் கற்றுக்கொண்டாலும், வந்த சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்திச் செய்துகாட்ட வைக்காமல் யாருக்கும் சோறு போட மாட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை கோழி வெந்துகொண்டிருந்தது. தேவிப்பிரியா பிஸ்கட் பாக்கெட்டைப் படித்தாள். அரிசி மூட்டையைப் படித்தாள்.

"உம் பொண்ணு கலெக்டராவாம வுடமாட்டா நவநீதா" என்றார் பெரியம்மாள் அத்தை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் படிப்பா பாருண்ணா" என்றேன். பக்கத்தில் அண்ணியின் போன் இருந்தது. செய்தியைத் திறந்து குழந்தையிடம் நீட்டினேன்.

அவள் கணீரென்று படித்தாள். "மணிமேகலை… சென்னை போகணும்… நான் கூட வர்றேன்… விடியக்காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க… வீட்டுல சொல்ல வேண்டாம்."

முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகச் சுற்றிப் பார்த்தாள்.

அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "பாதிய வுட்டுட்டாங்க அவ. பரீட்சை விஷயம்ங்க. போன வாங்கி நீங்களே முழுசாப் படிங்க."

"விடியக்காலையில இன்னாடி பரீட்சை?" என்றார் அண்ணன்.

படிக்கத் தெரிந்தவர்கள் அந்த வாசலில் நிறையப் பேர் இருந்தோம். யாரும் போனை வாங்கவில்லை. அண்ணன் மட்டும் பிடுங்கித் தரையில் அடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டேய், பாப்பாக்கு நெஜமாவே படிக்கத் தெரியுமாடா?"

"நல்லாத் தெரியும்ணா. நான்தான சொல்லித் தந்தேன்."

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

அண்ணன் அண்ணியைத் தள்ளினார். துவைக்கிற கல் பக்கத்தில் இருந்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை. கோழிக்கறியை மறுநாள் நாய்க்குப் போட்டோம்.

அண்ணன் சேலம் சிறையில் இருக்கிறார். போன் உடைந்தாலும், அதே செய்தி குருவின் போனில் இருந்திருக்கும். அவர் உங்களிடம் காட்டியிருப்பார். அதனால்தான் என்னை வரச்சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது மனப்பாடம். "மணிமேகலை, நீங்க பாஸ். அடுத்த மாசம் சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னை போகணும். நான் கூட வர்றேன், என் மனைவியும் வர்றாங்க. விடியக்காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. வேலை உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் வீட்டுல சொல்ல வேண்டாம்."

காரிமங்கலத்தில் அவர் அரசு வேலைக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். வேலைக்குப் போகிற பேச்சை எடுத்தால் காலை ஒடிப்பேன் என்று அண்ணன் சொல்லியிருந்ததால், அண்ணி சந்தையைச் சாக்குச் சொல்லிப் படித்தார். அதே பரீட்சையை நானும் எழுதினேன். என் பேர் வரவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அண்ணி வேலைக்குப் போயிருந்தால் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். தினமும் சோறு போடும்போது ஒருமுறை பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

தேவிப்பிரியா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே எந்த வார்த்தையையும் தாண்ட விடுவதில்லையாம். நேற்று வந்து கேட்டாள். "சித்தப்பா, அன்னிக்கி நான் சரியாத்தான படிச்சேன்?"

"சரியாத்தான் படிச்ச தங்கம்" என்று தட்டிக்கொடுத்தேன். பிள்ளையின் மனசை நோகடிக்கக் கூடாது.

சான்றிதழ், உத்தரவு எல்லாம் நாலு வயசுக்குக் கஷ்டம்தான். 'மனைவி' சின்ன வார்த்தை. ஒரே நாளில் பிடித்திருப்பாள். அந்த அட்டையையும் எழுதினேன். அவளிடம் காட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணனுடைய கை எவ்வளவு வேகம் என்று அவரோடு வளர்ந்த எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சார். நடத்தாத பாடத்துக்கெல்லாம் வாத்தியாரைப் பிடித்தால், அப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யார்தான் முன்வருவார்கள்?