நடுச்சுவரின் புள்ளிக்கோடு

என் மேசையில் பென்சில்கூட நேராகத்தான் கிடக்கும், ஐயா. அலுவலகத்தில் அதற்கே கிண்டல் செய்வார்கள். ஒழுங்காக வேலை செய்கிறவன் என்பதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கு எளிதில் விளங்கும்.

பழைய அச்சகம் ஒன்றை மருத்துவமனையாக மாற்றும் வேலை. கணினிக்குள் அந்தக் கட்டடத்தைச் சுவர் சுவராக எழுப்பியவன் நான். எந்தச் சுவர் எந்தக் கட்டத்தில் எழும்பும், எந்தக் கட்டத்தில் இடிபடும் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. இடிக்க வேண்டியதை வரைபடம் தானாகவே புள்ளிக்கோடாகக் காட்டும். அதைப் பார்த்துத்தான் தளத்தில் கடப்பாரையைத் தூக்குவார்கள்.

ஒரே வரைபடத்துக்குள் இரண்டு மாற்றுத் திட்டங்கள் வைத்தேன். முதலாவதில் கீழ்த்தளத்து நடுச்சுவர் அப்படியே நிற்கும். இரண்டாவதில் முட்டுக் கொடுத்துச் சுவரை எடுத்துவிட்டு இரும்பு உத்தரம் ஏற்றுவோம். காத்திருப்புக் கூடத்தின் கடைசி நாற்காலிவரை வெயில் வரும். முதலாளி ஜன்னலை நகர்த்து என்பார், நகர்த்துவேன். படியைத் திருப்பு என்பார், திருப்புவேன். மறுநாள் வந்து பழையபடியே வை என்பார். மழைக்காலம் முழுக்க இதே பிழைப்பு.

கடைசிக் கூட்டத்தில் தள மேற்பார்வையாளர், அதாவது என் அக்காவின் கணவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "மாப்ள கம்ப்யூட்டர்ல வெயில் காயறதுக்கு நாங்க இங்க முட்டுக் கொடுத்துக்கிட்டு நிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே, "ரெண்டாவதைத் தூக்கிடு" என்றார்.

தூக்கினேன். முட்டும் உத்தரமும் அந்த மாற்றுக்குள் இருந்தவை, கூடவே போய்விட்டன. நடுச்சுவர் பழைய கட்டடத்தைச் சேர்ந்தது, இரண்டு மாற்றுக்கும் பொது. இரண்டாவதற்காக அதன்மேல் நான் போட்டிருந்த இடிப்புக் குறிப்பு மட்டும் தங்கிவிட்டது. எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை இது. நான் புதியவன் அல்ல. திரையில் புள்ளிக்கோட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வரைபடத்தை அனுப்பினேன்.

அவரும் கண்ணை மூடிக்கொண்டு உடைத்துவிடவில்லை, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, நடுச்சுவர் நிக்கும்னுதானே பேசினோம்? படத்துல உடைக்கச் சொல்லிருக்கே. மேல பாரம் ஒண்ணும் இல்லையே?"

அது பாரம் தாங்கும் சுவர் என்று குறித்து வைத்தவனே நான்தான்.

"படத்துல இருக்கிறதச் செய்ங்க அத்தான். நம்பிக்கை இல்லேன்னா நீங்களே வரைஞ்சுக்குங்க."

"கோவிச்சுக்காதடா. உன்னை நம்பாம வேற யாரை நம்பப் போறேன்? சாயங்காலம் வீட்டுக்கு வா, உங்க அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா."

ஆனாலும் அவர் மனசுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். வேலையாட்களை வெளியே நிறுத்திவிட்டுக் கடப்பாரையை அவரே வாங்கிக்கொண்டாராம். மேல்தளம் இடிந்து இறங்கியபோது உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான்.

கணினிக் கோளாறு என்று அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தெரிந்தே செய்தேன், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. நேற்று என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனீர்களே, அப்போது கவனித்தேன். கடைசி நாற்காலி வர வேண்டிய இடம்வரை வெயில் விழுந்திருந்தது. நான் போட்ட அளவில் எந்தப் பிழையும் இல்லை.