சீழ்க்கை அம்பு

இரவு பதினொன்றே கால். வீரசோழன் ஆற்றங்கரை மண்சாலை. ஐப்பசி மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது... இரண்டு பக்கமும் சம்பா வயல், வரப்பு தெரியாமல் தண்ணீர். ஒரு விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் ஒருவர் குதிரைமேல், கையில் வில்லோடு போய்க்கொண்டிருந்தார்.

சிரிக்காதீர்கள். இது நம் ரெஜினின் தாய்மாமன் ரெமிஜியஸுக்கு நடந்தது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ரெஜின் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

ரெமிஜியஸ் பட்டாளத்தில் குதிரைப் பிரிவில் இருபது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து, திருவிடைமருதூருக்குத் தெற்கே வயலை ஒட்டி வீடு கட்டிக்கொண்டார். மனைவி அனிட்டா. பிள்ளைகள் இல்லை. ஜூலி என்று ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை. ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பகோணத்துப் பிள்ளைகள் வருவார்கள், குதிரை ஏறவும் வில் பிடிக்கவும் சொல்லித் தருவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று... சொன்னது சொன்ன உடனே நடக்க வேண்டும். இரண்டாவது தடவை சொல்ல வைத்தால் முகமே வேறாகிவிடும்.

அவருடைய அண்ணன் மகள் சான்ட்ரா கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது சித்தப்பாவுக்கு இரண்டு சாமான் கொண்டுவந்தாள். ஒன்று, கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்த குட்டை வில். இன்னொன்று ஒரு அம்பு முனை. எலும்பு. எலுமிச்சம்பழ அளவு, உள்ளே குடைந்து மூன்று ஓட்டை போட்டிருந்தது. அந்த ஊர்ச் சந்தையில் ஒரு கிழவி விற்றாளாம், விலைகூடப் பேசவில்லையாம்.

"இது பறக்கும்போது கத்தும் சித்தப்பா," என்றாள். "அந்தக் காலத்துல தலைவன் மட்டும்தான் இத எய்வானாம். இது எங்க போய்க் குத்துதோ, கூட வர்றவங்க அத்தனை பேரும் அங்க அம்பு விடணும். யோசிக்கவே கூடாது. மொதல்ல தன்னோட குதிரை மேலயே விட்டுப் பாத்தானாம் ஒருத்தன். தயங்கினவன் தலை போச்சு. அடுத்து பொண்டாட்டி மேல..."

"பட்டாளம்னா அப்படித்தான் இருக்கணும்," என்றார் ரெமிஜியஸ்.

அன்றைய இரவுக்கு வருவோம். பன்றி வயலைக் கிளறுகிறது என்று காவல்கார வீரையன் சொல்லியிருந்தான். ஆற்று வளைவில் ஒரு பெரிய பன்றி, வரப்பில் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. ரெமிஜியஸ் அந்த எலும்பு முனையை மாட்டி எய்தார்.

கத்தியது. விசில் மாதிரி ஆரம்பித்து... பெண்பிள்ளை ஓலம் மாதிரி ஏறி... சட்டென்று நின்றது. ஜூலி நான்கு காலும் நடுங்க நின்றது. அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்ட மாதிரி. அடுத்து, தலைக்கு மேலே சடசடவென்று மழை போன மாதிரி. மழை இல்லை. ஒரு சொட்டு விழவில்லை. ஒரு நாற்றம் மட்டும் வந்தது. புளித்த பால்... நனைந்த கம்பளி... எரிந்த சாணி.

திரும்பிப் பார்த்தார். வயலும் இருட்டும்தான்.

காலையில் வீரையன் பன்றியைப் புரட்டினான். எண்ண ஆரம்பித்து, முப்பத்தெட்டு காயத்தோடு விட்டுவிட்டான். "ஒரு அம்புதான் கெடக்கு அய்யா... மிச்சமெல்லாம் எங்க?" என்றான். அதற்கப்புறம் அவன் வேலைக்கு வரவில்லை.

ரெமிஜியஸ் பயந்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. அவருக்குப் பெருமை. பார்க்க முடியாத நாற்பது வில், அவர் ஒரு விரலை விட்டால் நாற்பதும் விடுகிறது. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். நரி, கீரி, கரையில் தூங்கிய நாரை. நான்காம் நாள், பக்கத்து வயல் துரைராசுவின் நாய். அது அவரைப் பார்த்து வாலாட்டிக்கொண்டுதான் வந்தது. எய்தார். பின்னால் ஒருவரும் தயங்கவில்லை. நாயைத் துரைராசு சாக்கில் அள்ளித்தான் எடுத்துப் போக வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் அம்புத் தூணியில் அந்த முனை இல்லை.

"நீ எடுத்தியா?" என்று அனிட்டாவைக் கேட்டார்.

"அதத் தொடக்கூட மாட்டேங்க நான்."

அன்று ராத்திரி வில்லைத் துடைத்தபடி கொல்லையில் உட்கார்ந்திருந்தார். வயல் பக்கமிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. ஏறியது... தலைக்கு மேலே வந்தது... கொட்டகையில் கட்டியிருந்த ஜூலி மேல் போய் நின்றது. பின்னால் வில்கள் வளைகிற முறுக்கம். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தன்னைத் தலைவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இது தன்னையும் அந்தப் படையில் ஆளாகச் சேர்க்கிற வேலை.

கை எழவில்லை. பன்னிரண்டு வருடக் குதிரை அது. அவர் தயங்கினார்.

கழுத்தில் ஈரத் தோல்வார் ஒன்று மெதுவாக விழுந்தது... இறுகியது.

விடியற்காலையில் அனிட்டா அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் கண்டெடுத்தாள். மூச்சு இருந்தது. கழுத்தைச் சுற்றி நூல் பிடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. கொட்டகையில் ஜூலி உடம்பெல்லாம் காயமாகச் செத்துக் கிடந்தது; ஒரு தடவை பார்த்தவள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

"வேளாங்கண்ணில அக்கா வீட்டுக்குப் போயிரலாங்க. இன்னைக்கே," என்றாள்.

"நாளைக்கு," என்றார். குதிரையைப் புதைக்காமல் எப்படிப் போவது என்றார்.

அன்று முழுக்க வில்லைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. தயங்கினால் என்ன ஆகும் என்று கழுத்து சொல்லிக்கொண்டே இருந்தது. ராத்திரி இரண்டு மணி. கொல்லைக் கதவு திறந்த சத்தம். பின்னாலேயே போனார். அனிட்டா குளியலறையிலிருந்து டார்ச் வெளிச்சத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தாள், வெள்ளை நைட்டியில். அவரைப் பார்த்து நின்றாள்.

சீழ்க்கை கிளம்பியது.

அவளிடம்தான் வந்தது. அவள் காலடி மண்ணில் குத்தி நின்றது. ரெமிஜியஸின் முதுகுக்குப் பின்னால் நாற்பது நாணும் இழுபட்டன. கழுத்தில் ஈரத் தோல் தொட்டது. அப்போது அவர் நினைத்தது இதுதான், அவரே பிறகு சொன்னது: நாற்பது அம்பு எப்படியும் போகப்போகிறது. நாற்பதோடு ஒன்று.

விட்டார்.

அனிட்டா சாகவில்லை. அம்பு வலது தோளுக்குக் கீழே பாய்ந்து முதுகில் வந்திருந்தது. துரைராசுதான் டிராக்டரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்தக் கை இப்போதும் தூக்க வராது.

ரெமிஜியஸ் சிறையில். போலீஸிடம் சொன்னார், வக்கீலிடம் சொன்னார், சாமியாரிடம் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. நான்கு மாதம் கழித்து, ஒரே ஒரு தடவை, அனிட்டா பார்க்க வந்தாள். நடுவில் கம்பி வலை.

"நீயாவது பாத்தேல்ல?" என்றார். "நான் விடலைன்னாலும் அவனுங்க நாப்பது பேரும் உன்ன..."

"பாத்தேங்க," என்றாள்.

அவர் வலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் நம்புகிறார்.

"உங்களுக்குப் பின்னாடி வயல்ல நின்னாங்க. குதிரை மேல, வரிசையா. தண்ணி அசையல," என்றாள் அனிட்டா. "ஆனா ஒருத்தரும் வில்லத் தூக்கலங்க. எல்லாரும் கைய மடியில வச்சுக்கிட்டு உங்களையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீங்க விடுறீங்களான்னு."

"நாண் இழுத்த சத்தம்... எனக்குக் கேட்டுச்சே..."

"எனக்குக் கேக்கல."

மணி அடித்தது. நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். அவள் எழுந்தாள், சரியாக வராத கையை மறுகையால் தாங்கிக்கொண்டாள்.

"நான் விழுந்தப்புறம் அவங்க குதிரைய நகத்தி, நடுவுல ஒரு ஆளுக்கு இடம் விட்டாங்க," என்றாள். "தெனம் ராத்திரி வந்து நிக்கிறாங்க. நேத்தும் பாத்தேன். அந்த எடம் இன்னும் காலியாத்தாங்க இருக்கு."