அமீனின் வாளில் நான் வைத்த சத்தம்

ஆயுத பூஜைப் பொரியில் கடலையை இவ்வளவு தாராளமாகப் போட்டு நான் எங்கும் தின்றதில்லை, சார். விசாரணைக்கு வந்தவனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தீர்களே, அந்த மரியாதைக்காகவாவது கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டு சந்தேகம். வாளுக்குள் இருக்கும் குரல் விஸ்வநாத்துக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்பது ஒன்று. அதே குரல் என் போனில் நீளமாகவும் வாளில் கொஞ்சம் குட்டையாகவும் ஏன் இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது தொழில் சம்பந்தப்பட்டது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காளவாசலில் எனக்குச் செல்போன் சர்வீஸ் கடை. பாதுஷா என்றால் அங்கே யாரும் கைகாட்டுவார்கள். ஒளிவாளுக்குச் சத்தம் வைத்துக் கொடுப்பது பக்கத்து வேலை. ஒளிவாள் தெரியுமல்லவா, கல்யாண ரிசப்ஷனில் விளக்கை அணைத்துவிட்டுப் பையன்கள் நீலமும் சிவப்புமாக வீசி ஆடுவார்களே, அந்தக் குழாய்தான். கைப்பிடிக்குள் பாதி பிஸ்கட் அளவில் ஒரு போர்டு உட்காரும். அசைவை அதுவே உணர்ந்துகொள்ளும். வீசினால் உறுமும், மோதினால் வெடிக்கும். ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு, கைப்பிடியின் அடிமுனையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான் அதன் குடும்பம்.

ஈயம் வைத்து ஒயரை ஒட்ட யாருக்கும் வரும். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. போர்டு உள்ளே ஆடாமல் பஞ்சு வைத்து இறுக்க வேண்டும். ஆடினால் சும்மா நடந்து போகும்போதே சண்டைச் சத்தம் போட்டு மானத்தை வாங்கும். பிறகு வாங்குகிறவரின் கையிலேயே வாளைக் கொடுத்து வீசச் சொல்லி, லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே அந்தக் கைக்குத் தகுந்தபடி அளவு வைக்க வேண்டும். சத்தத்தின் முன்னால் துளி வெறுமை இருந்தாலும் அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். இல்லையென்றால் வாள் முன்னால் போகும், சத்தம் அதன் பின்னால் நடந்து வரும். எங்கள் வேலையில் இது பாலபாடம்.

வாள் என் தம்பி அல் அமீனுடையது. அவனும் விஸ்வநாத்தும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. எங்கள் வில்லாபுரம் வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு முதல் ஆளாக வந்து உட்காருகிறவன் விஸ்வநாத்தான். இருவரும் சேர்ந்து ஒளிவாள் ஆட்டக் குழு வைத்திருந்தார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பைக்கில் போய் ஒரே பைக்கில் திரும்புவார்கள்.

போன ஐப்பசியில் மேலூரில் ஒரு கல்யாணம். அன்று மட்டும் விஸ்வநாத் ஆட்டம் முடிந்ததும், தீப்தியின் வீட்டில் பெண் கேட்கப் போக வேண்டும் என்று, வாள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டான். அமீன் கொட்டுகிற மழையில் தனியாகப் பைக்கில் வந்தான். ஒத்தக்கடைக்கு முன்னால், சுவர் இடிந்து கிடந்த ஒரு வயல் கிணற்றுக்குள் பைக்கோடு விழுந்தான். விழுந்தவுடன் சாகவில்லை. காலொடிந்து கிடந்து, போனில் கூப்பிட்டான். கூப்பிட்ட குரலுக்கு யாரும் போகவில்லை. மழைத்தண்ணீர்தான் போனது.

எனக்கு விஸ்வநாத்தின் மேல் ஆத்திரம். அதை மறைக்கப் போவதில்லை. மையத்தை அடக்கம் செய்யத் தூக்கிய அன்று சந்தூக்குப் பெட்டிக்கு அவனும் தோள் கொடுத்தான். எங்கள் அம்மா அவன் தலையைத் தடவி, “ஒருத்தனப் பறிகொடுத்துட்டேன், நீயாவது வந்து போயிட்டு இருய்யா” என்று அழுதார். அவன் அன்று கூட வந்திருந்தால் என் தம்பி இருந்திருப்பான். அவனுக்கோ கல்யாணம் நிச்சயமாகி, தேதியும் குறித்தாகிவிட்டது.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் அந்த வாளோடு அவனே கடைக்கு வந்தான்.

“அமீனோட வாளுண்ணே. போர்டு போயிருச்சு. புதுசு போட்டுக் குடுங்க. இத வச்சுத்தான் இனிமே ஆடப் போறேன், அவனே கூட ஆடுற மாதிரி இருக்கும்.”

“அதுக்கென்ன மாப்ள, அவனே கூட இருக்குற மாதிரி பண்ணிருவோம்” என்றேன். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை.

அளவு வைப்பதற்காக வீசிக் காட்டச் சொன்னேன். அமீன் பிஸ்மி சொல்லிவிட்டு நேராக வீச ஆரம்பிப்பான். விஸ்வநாத் அப்படியில்லை. வாளை எரியவிட்டு, கைப்பிடியின் அடிமுனையால் தரையைத் தொட்டு, அப்படியே தலைகீழாகத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். மேடையைக் கும்பிடுகிற பழக்கம். ஒற்றும்போது ஸ்பீக்கர் அவன் காதுக்கு அருகில் வந்து நிற்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தப் போர்டுக்கு ஒரு குறிப்பிட்ட திருப்பலைச் சொல்லிக்கொடுக்கலாம், சார். அந்தத் திருப்பல் வந்தால் இந்தச் சத்தம் என்று. அடிமுனை மேலேறி ஒரு கணம் அசையாமல் நின்றால் என் தம்பியின் குரல் வரும்படி வைத்தேன். அடிமுனையில் காதை வைத்தவனுக்கு மட்டும் எட்டுகிற அளவு மெலிதாக. ஒவ்வொரு முறையும் வராது, எப்போதாவது வரும். எப்போதும் வந்தால் மெஷின் கோளாறு என்று நினைத்துவிடுவான். எப்போதாவது வந்தால்தான் அது அமீன்.

“கிணத்துக்குள்ள விழுந்துட்டேன். தண்ணி ஏறுது. சீக்கிரம் வா.”

அவ்வளவுதான். வேறு கெட்ட வார்த்தையோ மிரட்டலோ எதுவும் நான் வைக்கவில்லை.

சித்திரையில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. நான் போய் மொய் வைத்துவிட்டு வந்தேன். அதற்குள்ளேயே முகம் கறுத்துப்போய் ஒருமுறை கடைக்கு வந்திருந்தான். “அண்ணே, இதுல அமீன் பேசுறான்” என்றான். நான் வாளை வாங்கி, எரியவிட்டு, நாலு பக்கமும் வீசிக் காட்டினேன். உறுமியது, வெடித்தது. கடையிலிருந்த மற்றவர்களும் வாங்கி வீசிப் பார்த்தார்கள். “சத்தம் அருமையா இருக்கே” என்றார்கள். “ஒழுங்காத் தூங்குறியா மாப்ள?” என்று அவன் தோளைத் தட்டினேன். அடுத்த முறை வந்தபோது இன்னும் கொஞ்சம் அடிக்கடி கேட்கும்படி மாற்றிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த முறை, இன்னும் கொஞ்சம். ஆடி மாதத்தில் ஆட்டக் குழுவே கலைந்துபோயிற்று. வீட்டில் தனியாக வாளை ஒற்றி ஒற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

தீப்தி ஒருநாள் வந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“அண்ணே, அந்த வாள எப்படியாவது நீங்களே வாங்கி வச்சுக்கங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. உங்கள அம்புட்டு நம்புறாரு.”

நல்ல பெண். வாங்கி வைத்திருக்கலாம்தான். “அது அமீன் ஞாபகமா வச்சிருக்கான்மா, பிடுங்குனா மனசு உடஞ்சிரும்” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கடைசியாக அவன் வந்தது போன மாதம். அன்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்கும்படி மாற்றினேன். இனி மெஷின் என்று நினைக்கிற நிலையில் அவன் இல்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து, “அன்னைக்கு அவன் என்னயக் கூப்பிடவே இல்லண்ணே. ஒரு வாட்டி கூப்பிட்டிருந்தாக்கூட எந்திரிச்சு ஓடியிருப்பேன்ல?” என்று அழுதான்.

“இப்பக் கூப்பிடுறான்ல மாப்ள. போயிட்டு வாயேன்” என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, “சரிண்ணே, வாரேன்” என்று சொல்லி வாளை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பொழுது சாயும்போது, அந்த வயல்காரர் கண்ணுச்சாமி கிணற்றுச் சுவரில் வாள் சாய்த்து வைக்கப்பட்டு எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குத் தகவல் சொன்னார். நீங்களும் மனநிலை சரியில்லாதவர் என்று எழுதி முடித்துவிட்டீர்கள். தீப்தியும் அப்படித்தான் சொன்னது. அது பொய்யும் இல்லை.

என் கணக்கு தப்பியது ஓர் இடத்தில்தான். கண்ணில் ஒற்றுவது விஸ்வநாத்தின் தனிப் பழக்கம் என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது, அதனால் தோன்றவில்லை. ஆயுத பூஜையன்று ஸ்டேஷனில் துப்பாக்கி, லத்தியோடு இந்த வாளுக்கும் பொட்டு வைப்பீர்கள் என்றோ, ஏட்டு மலையாண்டி ஆசைக்கு எரியவிட்டுப் பார்த்து, ஆயுதம்தானே என்று பக்தியோடு தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்றோ நான் எப்படி எதிர்பார்ப்பேன்? மனிதர் பயந்து வாளைக் கீழே போட்டுவிட்டார் என்று சொன்னார்கள். பாவம். போர்டு பழுதாகவில்லையே, அதுவரை சந்தோஷம்.

இனி உங்கள் இரண்டாவது சந்தேகம். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, சார்.

அன்று கடையில் கூட்டம். மழைக்கு ஒதுங்கியவர்கள் வேறு. அமீனுக்கும் எனக்கும் காலையில் ஒரு வாக்குவாதம். கடையில் உட்காராமல் வாளைத் தூக்கிக்கொண்டு அலைகிறானே என்று, “இனிமே எனக்குப் போன் பண்ணாதடா” என்று சொல்லியிருந்தேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சாயங்காலம் போன் அடித்தது. பெயரைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்தேன். திரும்பத் திரும்ப அடித்தது. பிறகு ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. தம்பி மன்னிப்புக் கேட்கிறான், கொஞ்சம் காக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் எழுந்துதான் கேட்டேன்.

அதற்காகத் தப்பு விஸ்வநாத்துடையது இல்லை என்று ஆகிவிடாது. அவன் கூட வந்திருந்தால் அந்தப் போனே வந்திருக்காது. அவன் கேட்க வேண்டிய குரலைத்தான் அவனுக்குக் கேட்க வைத்தேன். என் சொந்தச் சரக்கு எதையும் அதில் சேர்க்கவில்லை. முன்னால் இருந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டினேன், அதுவும் சத்தம் தாமதமாகத் தொடங்கும் என்பதற்காகத்தான். தொழில் தெரிந்த யாரும் அதை வெட்டத்தான் செய்வார்கள்.

வெட்டிய சொல் ‘அண்ணே’.