கடைசித் தாள்குச்சி

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை அதிகம், ஐயா. பல் டாக்டருக்குக் கொடுக்கிறோமே என்று யாராவது யோசித்திருக்கலாம். பரவாயில்லை, குடிக்கிறேன்.

வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கிறாரே, அவர்தான் என் மாப்பிள்ளை. அவரும் பல் டாக்டர்தான், பட்டமெல்லாம் இருக்கிறது. என் கிளினிக்கில் நான் போட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் நோயாளிகளையே "சின்ன டாக்டர் இருக்காரா?" என்று கேட்க வைத்தார். கைராசியாம். என் மகளும் அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ரூட் கேனாலில் பல்லின் வேரைச் சுத்தம் செய்து, தாள்குச்சி விட்டு ஈரத்தை உறிஞ்சி, பசை வைத்து அடைப்போம். பழைய பசைக்கு ஈரமே ஆகாது. கடைசித் தாள்குச்சி நனையாமல் வர வேண்டும். நான் வாங்கிப்போட்ட புதுப் பசை நேர்மாறு. வேரில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் அது இறுகும். ஒட்டக் காய வைத்தால் களிம்பாகவே கிடக்கும், கிருமி புகுந்து சீழ் வைக்கும்.

பெட்டிக்குள் இருந்த குறிப்பைப் பிரித்துப் பார்க்க மாப்பிள்ளைக்கு உடம்பு வளையவில்லை. என்னைக் கேட்டார். "இதுவும் அப்படித்தான் மாப்பிள்ளை, நல்லா காய வைங்க" என்றேன். மாமனார் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

வீங்கிய கன்னத்தோடு ஆட்கள் திரும்பி வந்தார்கள். நான் தோண்டி எடுத்து, சரியாக அடைத்து அனுப்பினேன். அவர் முகம் தொங்கிப்போனது. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. மகள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு அவளுக்கே கடைவாய்ப்பல் வலித்தது. நானே செய்கிறேன் என்றேன்.

"வேணாம்ப்பா. அவரே பண்ணட்டும். நானே நம்பலைன்னா அவரை வேற யாரு நம்புவா?"

சரி என்று பக்கத்தில் நின்று தாள்குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன். கடைசியது பொட்டு ஈரமில்லாமல் வந்தது. "பிரமாதம்" என்று பாராட்டவும் செய்தேன்.

வீக்கம் கழுத்துக்கு இறங்கியதும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பதறினார். நான்தான் தடுத்தேன். வலி மாத்திரை மட்டும் கொடுத்து, பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் வலித்தால் புருஷன் லட்சணம் புரியும் என்று இருந்தேன்.

அவரைப் பிடித்து வைத்திருப்பது தவறு, ஐயா. கொல்லுகிற அளவுக்கு அவருக்குச் சாமர்த்தியம் கிடையாது. செய்தது நான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு அடைத்தபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் "அப்பா" என்றுதான் கூப்பிட்டாள்.