சும்மா எரியும் விளக்கு

ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் முதலில் ஒயரைத்தான் பார்க்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. பனியில் பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அந்தக் கருவி. இங்கே இன்ஜே மலையூரில் பாதி மெக்கானிக்குகள் நேராகக் கருவியையே மாற்றச் சொல்வார்கள். நான் அப்படிப்பட்டவன் அல்ல. பானெட்டைத் திறந்து, அந்த ஒயரின் பிளக்கைக் கழற்றித் துடைத்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தித்தான் அனுப்புவேன்.

பியோன் கிஹோ அண்ணனும் அதற்காகத்தான் முதல்முறை வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவி இல்லை, கணவாய்க்கு அந்தப் பக்கம் வீடு. பத்து நிமிட வேலை. அடுப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தார், சதுரங்கம் ஆடினோம், இருட்டும்வரை இருந்தார். என் கடையில் ஒருவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. அவர் போனபின் நாற்காலியை மடித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு இரண்டு மாதம் ஆள் இல்லை. நல்லா ஓடும் வண்டிக்கு மெக்கானிக் எதற்கு? ஆயில் மாற்ற வந்தபோது பிளக்கின் கொக்கியை நிமிர்த்தி, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து விட்டேன். பாதை குலுக்கினால் தொடர்பு விட்டுப்போகும், விளக்கு எரியும், வருவார்.

வந்தார். ஒவ்வொரு முறையும் சரி செய்வதுபோல் அப்படியே விட்டேன். ஏழு முறை.

"என்னடா டக்சு, உன் மூஞ்சியப் பாக்காம இந்த விளக்கால இருக்க முடியலையாம்" என்பார்.

"நீங்க ஓட்டுற லட்சணம் அப்படி, அண்ணே" என்பேன்.

போன செவ்வாய் காலை கணவாய் உச்சியிலிருந்து போன் செய்தார்.

"விளக்கு எரியுதுடா. பனி வேற கொட்டுது. வண்டிய இங்கயே போட்டுட்டு பஸ்ல வீட்டுக்குத் திரும்பிரட்டுமா?"

வீட்டுக்கு என்றார், ஐயா, என் கடைக்கு இல்லை.

"அட, அது சும்மா எரியுற விளக்கு அண்ணே. மெதுவா ஓட்டிட்டு வாங்க, கிழங்கு போட்டாச்சு" என்றேன்.

மூன்றாவது வளைவில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியிருக்கிறது. அதை நீங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தடத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

அழுதேன். சாவு வீட்டில் என்னளவு அழுதவர் யாரும் இல்லை. சியோலிலிருந்து வந்த மகன் இன்சொப் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க இருந்ததாலதான் அப்பா தனியா இல்ல, சித்தப்பா. அப்படியே என் வண்டியையும் ஒரு தடவ பாத்துருங்களேன், மலை ஏறணும்." அப்பாவின் அதே குரல். பார்த்துக் கொடுத்தேன்.

அவன் இன்றைக்குத்தான் கிளம்புகிறான். அதனால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. பாதி வழியில் விளக்கு எரிந்து அவன் திரும்பி வரும்போது கடை பூட்டியிருந்தால், பாவம், பையன் எங்கே போவான்?