கியோமியின் இரும்பு ஊசி

டீயில் சர்க்கரை அளவாக இருந்தது, மேடம். வீட்டில் எனக்கு இப்படி வாய்ப்பதில்லை.

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் என் வேலை வாசல் சோதனை. மருந்து கலக்கும் அறைக்குப் போகும் பெண்கள் கொலுசு, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் என் தட்டில் வைத்துவிட வேண்டும். இரும்பு உரசினால் மருந்து பற்றிக்கொள்ளும். ஒவ்வொருவர் கொண்டையையும் தடவிப் பார்த்து உள்ளே விடுவேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு அது நல்ல வேலை.

கதையும் எழுதுவேன். அந்தக் காலத்து ஜப்பானில் கியோமி என்று ஒரு சமுராய்ப் பெண். அப்பாவைக் கொன்ற பிரபுவைத் தேடிப் பனிமலையில் வாளோடு அலைகிறாள். சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுவேன். என் குரல் வெளியே வராது.

ஒருநாள், மருந்து சலிக்கும் பிரீத்திகா அக்கா தாள்களைப் பிடுங்கிக்கொண்டாள். "கிணத்துக்குள்ள இருந்தா பேசுதே? இங்கன குடு, நான் சொல்லுதேன்."

நன்றாகவே சொன்னாள். வாளுக்குப் பதில் கரண்டியைச் சுழற்றினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு தாளைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். கடைசியில் கியோமி வாளைக் கீழே போட்டுவிட்டு, அந்தப் பிரபுவையே கட்டிக்கொண்டு, மீன் குழம்பு வைத்தாள்.

"அம்புட்டு அழகான மாப்பிள்ளைய யாராச்சும் வெட்டுவாகளா?"

பொன்னுத்தங்கம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஆத்தாடி, அப்பனக் கொன்னவன்ல அவன்" என்றாள்.

நான் சண்டை போடவில்லை. கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். அதில் கியோமி தன் அப்பா தந்த இரும்பு ஊசியைக் கொண்டையில் மறைத்து வைத்திருக்கிறாள். எந்தக் கோட்டை வாசலிலும் காவலர்களிடம் அதைக் கொடுப்பதில்லை. கொடுப்பவள் சமுராய் அல்ல.

பிரீத்திகா அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எல்லோரும் அவளைக் கியோமி என்றே கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் கொண்டையில் ஊசி என் விரலில் தட்டுப்பட்டது.

"என்ன பிள்ள, பேன் பாக்குறியா?" என்று கண்ணடித்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. உள்ள போங்க."

பின்னாலேயே, அதே அறைக்குப் போகப் பொன்னுத்தங்கம் அக்கா வந்தாள். அவளையும் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. விதிப்படி விட்டேன்.

பிறகு வேப்பமரம் வரை நடந்துபோய் உட்கார்ந்தேன். மருந்து சலிக்கக் குனிந்தால் ஊசி நழுவும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். சத்தம் வந்தபோது தட்டு என் மடியில் இருந்தது. இரண்டு பேர் கொலுசும் பத்திரம். அதோ, உங்கள் மேசையில்.

பொன்னுத்தங்கம் அக்காவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கதை கேட்கத் தெரிந்தவள்.

கம்பெனிமேல் குற்றமில்லை என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஊசியை உள்ளே விட்டது நான்தான். பிரீத்திகா அக்கா என் முடிவை மாற்றியிருக்கக் கூடாது. மற்றபடி அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.